முதல்முறை ஃபுல் ஆட்டோ சுடப் போகிறீர்களா? எதில் தொடங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

ட்ரிகரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கியைத்தான் ஃபுல் ஆட்டோ என்கிறோம். ஃபுல் ஆட்டோ சுடப் போகிறேன் என்று சொன்னால் உடனே வருகிற கேள்வி, “தோள் கழன்றுவிடாதா?” என்பதுதான். கழலாது. 9 மி.மீ. சப்மெஷின் கன்னின் (கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் ஃபுல் ஆட்டோ) ஒரு தோட்டா தருகிற உதைப்பு, அதே தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கியைவிட மென்மையாகவே தெரியும். துப்பாக்கியின் எடை கூடுதல், தோளில் பதிக்கும் பின்கட்டையான ‘பட்’ வேறு இருக்கிறது. சிக்கல் உதைப்பின் அளவில் இல்லை. முதல் தோட்டாவின் உதைப்பிலிருந்து உடம்பு நிதானத்துக்கு வருவதற்குள் இரண்டாவது வந்துவிடுகிறது, பின்னாலேயே மூன்றாவதும்.

கணக்குப் போட்டால் புரியும். நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும் துப்பாக்கி, நொடிக்கு 10 சுடுகிறது. 30 தோட்டா கொண்ட மேகசின் மூன்று நொடியில் காலி. ஏதோ தவறாகப் போகிறது என்று மூளை உணர்ந்து, விரல் ட்ரிகரை விடுவதற்குக் குறைந்தது 0.2 நொடி ஆகும். அதற்குள் 600 வேகத்தில் இரண்டு தோட்டா கூடுதலாகப் போயிருக்கும். 1,200 வேகத்தில் நான்கு. அதாவது வேகமான துப்பாக்கியில் “ஐயோ, மேலே போகிறதே” என்று நினைக்கும்போதே அது மேலே போய் முடிந்திருக்கும்.

மேலே ஏன் போகிறது? உதைக்கும் விசை பேரலின் (குழலின்) கோட்டில் பின்னோக்கி வருகிறது. அதைத் தாங்கும் தோள், பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தோட்டாவும் குழல்முனையைக் கொஞ்சம் மேலே திருப்புகிறது. துப்பாக்கி கனமாக இருந்தால் இந்தத் திருப்பம் குறையும், பட் பேரலுக்கு நேர்கோட்டில் இருந்தால் இன்னும் குறையும். சுடும் வேகமும் குறைவாக இருந்தால் இரண்டு தோட்டாவுக்கு நடுவில் நீங்கள் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். எந்தத் துப்பாக்கியில் தொடங்குவது என்ற கேள்விக்கு இந்த மூன்றையும் தோட்டாவின் வலிமையையும் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

எங்கே, யார் சுடலாம்

பொதுமக்கள் ஃபுல் ஆட்டோவை வாடகைக்கு எடுத்துச் சுடும் பழக்கம் அதிகம் இருப்பது அமெரிக்காவில், குறிப்பாக லாஸ் வேகாஸ் சுற்றுவட்டாரத்தில். அங்கும் இது கட்டுப்பாடில்லாத சமாச்சாரம் இல்லை. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வைத்து, 200 டாலர் வரியும் போட்டது. 1986 மே 19-க்கு முன் பதிவானவற்றை மட்டுமே தனிநபர்கள் வாங்கலாம் என்று பிறகு இறுக்கினார்கள். எண்ணிக்கை அதோடு உறைந்துபோனதால் தனியார் கையில் இருப்பவை எட்டாத விலைக்குப் போய்விட்டன. உரிமம் பெற்ற ரேஞ்சுகள் (சுடும் களங்கள்) புதியவற்றையும் வைத்திருக்க முடியும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வழி.

அங்கே இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை, படிப்பு, சுற்றுலா போன்ற தற்காலிக விசாக்களில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் கையில் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ரேஞ்ச் கவுண்டரில் நிற்கும் பையன் “பரவாயில்லை, வாங்க” என்பதை நம்பிப் போகாமல், உங்கள் விசா வகையைச் சொல்லி முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது குடியேற்ற விவகாரத்தைத் தொடுகிற விஷயம், விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரேஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது: ஒரு ஆளுக்கு ஒரு பயிற்றுநர் உண்டா? புதியவருக்கு முதலில் எத்தனை தோட்டா ஏற்றுவீர்கள்? “முழு மேகசினும் ஏற்றித் தந்துவிடுவோம்” என்று பெருமையாகச் சொல்கிற இடம் எனக்கு வேண்டாம். முடிந்தால் திறந்தவெளி ரேஞ்ச். உள்ளரங்கில் சத்தம் சுவரில் மோதித் திரும்பும், புகையும் தங்கும். திறந்தவெளியில் தோட்டா விழும் இடத்தில் மண் பறப்பது தெரியும். அந்த மண்ணைப் பார்த்துத் திருத்துவதே பாதிப் பயிற்சி.

உடம்பைத் தயார்செய்வது

காதுதான் முதலில். துப்பாக்கிச் சத்தத்தின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டும், அந்த அளவில் ஒரே ஒரு வெடியும் நிரந்தரமாகக் கேட்கும் திறனைக் கெடுக்கலாம். ஃபுல் ஆட்டோவில் நொடிக்குப் பத்து வெடி. ஆகவே காதுக்குள் ஃபோம் அடைப்பான், அதற்கு மேல் இயர்மஃப், இரண்டும் சேர்த்து. ஃபோமை உருட்டி மெல்லியதாக்கி, காதின் மேல்பகுதியை மறுகையால் மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை பிடித்திருங்கள். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். கண்ணுக்கு, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி.

உடை விஷயத்தில் ஒரே எதிரி, வெளியே தெறிக்கும் காலி உறைகள். அவை சுடச்சுட வரும், பக்கத்து ஆள் சுடுவதும் உங்கள் மேல் விழும். கழுத்து மூடிய சட்டை, முன்பக்கம் விளிம்புள்ள தொப்பி, மூடிய ஷூ. சட்டைக்குள் ஒன்று போய்விட்டால் துள்ளத்தான் தோன்றும். துள்ளாதீர்கள். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, குழலை இலக்குப் பக்கமே வைத்துத் துப்பாக்கியை மேசையில் கிடத்துங்கள், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கலாம். தோலில் சிறு சிவப்புத் தழும்பு ஒரு வாரத்தில் போய்விடும்.

துப்பாக்கி விதிகள் பழையவைதான்: எப்போதும் தோட்டா ஏறியிருக்கிறது என்றே நினைப்பது, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதது, சுடத் தீர்மானிக்கும் வரை விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி வைப்பது, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள்வது. ஃபுல் ஆட்டோவில் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொடருக்கும் (ஒரே அழுத்தலில் போகும் தோட்டா வரிசை) நடுவில் விரல் வெளியே வந்தாக வேண்டும். சுட்டு முடித்த மகிழ்ச்சியில் “பார்த்தீங்களா!” என்று பின்னால் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு ரேஞ்சிலும் உண்டு. துப்பாக்கியும் கூடவே திரும்புகிறது. வீடியோ எடுக்கும் நண்பரிடம் பேச வேண்டுமானால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள்.

நிற்கும் முறை

நின்றுகொண்டு சுடும்போது எல்லோரும் செய்கிற தவறு, கனத்தைச் சமன்செய்ய இடுப்பைப் பின்னால் சாய்ப்பது. பின்னால் சாய்ந்த உடம்பை மூன்றாவது தோட்டாவே தள்ளிவிடும். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இடதுகாலை ஒரு எட்டு முன்னால் வையுங்கள் (இடதுகைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்). முழங்கால் இளகட்டும். மூக்கு முன்காலின் விரல்களுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னால் சாயுங்கள். அசிங்கமாகத் தெரியும், பரவாயில்லை. பயிற்றுநர் உங்கள் நெஞ்சில் லேசாகத் தள்ளினால் கால் நகரக் கூடாது, அதுதான் சோதனை.

பட் பகுதியைத் தோள்பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள குழிவில் பதித்து, இரு கைகளாலும் பின்னோக்கி இழுத்துப் பிடியுங்கள். கன்னம் பட்டில் ஒட்டியிருக்கட்டும். முன்னால் பிடிக்கும் கை எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு கட்டுப்பாடு கிடைக்கும், ஆனால் குழல்முனையைத் தாண்டாமல், பேரலைத் தொடாமல். நிறைய பேர் துப்பாக்கியைக் கீழ்நோக்கி அமுக்கிக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். அது சீக்கிரம் கையைச் சோர்வடையச் செய்யும். உடம்பின் எடையைத் துப்பாக்கிக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டால் கைக்கு வேலையே குறைவு.

பயிற்றுநர் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று, தோளிலோ துப்பாக்கியின் மேலோ கை வைப்பார். பதற வேண்டாம், குழல் ஏறினால் பிடிப்பதற்காக. இது சும்மா சடங்கு இல்லை. 2014-இல் அரிசோனாவில் 9 வயதுச் சிறுமியிடம் உஸி சப்மெஷின் கன்னைக் கொடுத்து, ஒரு தோட்டா தனியாகச் சுட்டதும் ஃபுல் ஆட்டோவுக்கு மாற்றினார்கள். துப்பாக்கி மேலேறித் திரும்பியதில் பக்கத்தில் நின்ற பயிற்றுநரே இறந்துபோனார். 2008-இல் மாசசூசெட்ஸில் இதேபோல, உஸியின் மிகச் சிறிய வடிவமான மைக்ரோ உஸியைச் சுட்ட 8 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். குழந்தைகள் கையில் ஃபுல் ஆட்டோ வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது, ரேஞ்ச் அனுமதித்தாலும். பெரியவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சின்னத் துப்பாக்கி எளிது என்று நினைப்பதுதான் ஆபத்து. சிறியது என்றால் இலேசு, இலேசு என்றால் சீக்கிரம் மேலேறும்.

முதல் மேகசின்

பயிற்றுநரிடம் நீங்களே கேட்டு வாங்க வேண்டிய வரிசை இது. முதலில் செமி ஆட்டோவில் (ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா) சில தோட்டாக்கள். ட்ரிகர் எங்கே இறுகுகிறது, சத்தம் எப்படி, உதைப்பு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று உடம்புக்குத் தெரியட்டும். அடுத்து, சுடும் முறையை மாற்றும் செலக்டரை ஆட்டோவுக்கு மாற்றி, மேகசினில் இரண்டே இரண்டு தோட்டா. விரலை விடாமல் அழுத்தியே இருந்தாலும் இரண்டோடு நின்றுவிடும். இந்த இரண்டில் குழல் எவ்வளவு ஏறியது என்று இலக்கில் பாருங்கள். பிறகு ஐந்து. அது கைக்குள் நின்றால்தான் முழு மேகசின்.

குறியை இலக்கின் நடுவில் வைக்காமல் அடிவயிற்றுப் பகுதியில் வையுங்கள். ஏறினாலும் தாளுக்குள்ளேயே இருக்கும்.

தொடர் எவ்வளவு நீளம்? மூன்று முதல் ஐந்து. 600 வேகத் துப்பாக்கியில் ஐந்து தோட்டா என்பது அரை நொடி. மனதுக்குள் “ஒன்றிரண்டு” என்று சாதாரணமாகச் சொல்லி முடிப்பதற்குள் விரலை விட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான் போயிருக்கும். ட்ரிகரைச் சுண்டாதீர்கள். அழுத்தமாக இழுத்து, சுத்தமாக விடுங்கள். ஒரு மேகசினை முழுதாக ஒரே மூச்சில் கொட்டும் ஆசை எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது. கடைசி மேகசினில் செய்துகொள்ளுங்கள், ஆசை தீரும். ஆனால் அது மூன்று நொடிச் சத்தம். அதே 30 தோட்டாவை ஆறேழு தொடராகச் சுட்டால் ஆறேழு முறை அனுபவம், தோட்டாக் காசும் வீணாகாது.

சுடாமல் “க்ளிக்” என்று நின்றால், குழலை இலக்குப் பக்கமே வைத்து அப்படியே நில்லுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு, அதனால் அரை நிமிடம் காத்திருப்பது வழக்கம். வழக்கத்தைவிட மெலிதாக “புஸ்” என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். தோட்டா பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், அடுத்தது அதன்மேல் மோதினால் துப்பாக்கி வெடிக்கும். இரண்டிலும் சரிசெய்யும் வேலை பயிற்றுநருடையது. அபூர்வமாக, விரலை விட்ட பிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டே போவதுண்டு. குழலை மட்டும் இலக்கிலிருந்து விலக விடாதீர்கள், தோட்டா தீர்ந்தால் தானே நிற்கும்.

திறந்த போல்ட், மூடிய போல்ட்

துப்பாக்கிகளை ஒப்பிடுவதற்கு முன் இது தெரிந்திருப்பது நல்லது. போல்ட் என்பது தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளி, பின்புறத்தை மூடும் உலோகக் கட்டை. எம்பி5, எம்16, ஏகே போன்றவை மூடிய போல்ட் வகை. ட்ரிகர் இழுக்கும்போது தோட்டா ஏற்கனவே பேரலில் உட்கார்ந்திருக்கும், சுத்தி மட்டும் விழும். உஸி, தாம்சன், ஸ்டென், எம்பி40 ஆகியவற்றில் போல்ட் பின்னால் நிறுத்தப்பட்டிருக்கும். ட்ரிகர் இழுத்ததும் கனமான போல்ட் முன்னால் பாய்ந்து, வழியில் தோட்டாவை எடுத்துக்கொண்டு போய்ச் சுடும். அந்தப் பாய்ச்சலில் துப்பாக்கி ஒருமுறை முன்னால் ஆடும், புதியவரின் முதல் தோட்டா குறி தவறுவது இதனால்தான். தொடர்களுக்கு நடுவில் போல்ட் பின்னாலேயே நிற்பதால் பேரலில் காற்றுப் போய்ச் சூடு குறைகிறது. மேகசினுக்குப் பதில், தோட்டாக்கள் கோத்த பெல்ட்டில் ஓடும் இயந்திரத் துப்பாக்கிகள் பெரும்பாலும் திறந்த போல்ட்டில் இருப்பதற்கும் சூடுதான் காரணம். மூடிய போல்ட்டில் பேரல் அளவுக்கு மீறிச் சூடேறினால், உள்ளே உட்கார்ந்திருக்கும் தோட்டா யாரும் தொடாமலே வெடிக்கலாம்.

எனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை

தொடங்குவதற்கு எம்பி5-ஐத் தாண்டி வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். 9 மி.மீ., நிமிடத்துக்குச் சுமார் 800. வேகம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் உருளைகள் மூலம் போல்ட்டைத் தாமதப்படுத்தும் அமைப்பு உதைப்பை ஒரு நடுக்கமாக மாற்றிவிடுகிறது. மூடிய போல்ட் என்பதால் முதல் தோட்டாவும் வைத்த இடத்தில் போகும். ஐந்து தோட்டாத் தொடரை உள்ளங்கை அளவில் போடும் முதல் அனுபவம் பலருக்கும் இதில்தான் கிடைக்கிறது. மேகசின் மாற்றிய பின், பின்னால் மாட்டி வைத்த கைப்பிடியைத் தட்டி முன்னால் விடும் அந்த “சடக்” வேறு, கூடுதல் சந்தோஷம். குட்டி வடிவமான எம்பி5கே முன்பிடியோடு வருவது, கை குழலுக்கு முன்னால் போய்விடாமல் இருக்கத்தான். அதை இரண்டாவது வருகைக்கு வையுங்கள்.

முழு அளவு உஸி, 600 வேகம், 3.5 கிலோ. கனமான போல்ட் முன்னும் பின்னும் ஓடுவதை உணர முடியும், ஒருவிதமான நிதானமான தாளம். பிடியின் பின்னால் உள்ள பாதுகாப்பு நெம்பை முழுக்கையால் இறுக்கினால்தான் சுடும். தளர்வாகப் பிடிப்பவர்கள் “ரிப்பேர்” என்று நினைத்துக்கொள்வார்கள். மடக்கும் உலோகப் பட் இருப்பதைவிட மரப் பட் பல மடங்கு வசதி.

தாம்சனைத் தேடித்தான் பலர் வருகிறார்கள். பாயிண்ட் 45 தோட்டா, துப்பாக்கி மட்டுமே ஏறக்குறைய 4.9 கிலோ, 50 தோட்டா டிரம்மையும் மாட்டினால் ஒரு குழந்தையைத் தூக்கி நிற்பதுபோல. கனத்தால் உதைப்பு அடங்கிப்போகிறது. ஆனால் பட் நன்றாகக் கீழே சரிந்திருப்பதால் குழல் பிடிவாதமாக ஏறும். டிரம்முக்குள் தோட்டாக்கள் கலகலவென்று ஆடும் சத்தமும் உண்டு. என் கருத்தில் 20 அல்லது 30 தோட்டா நேர் மேகசினோடு சுடுவது நல்லது, டிரம் புகைப்படத்துக்கு.

எனக்கு உண்மையில் பிடித்தது மெதுவானவை. எம்பி40, சுமார் 500 வேகம். செலக்டரே கிடையாது, ஃபுல் ஆட்டோ மட்டும். ஆனால் அவ்வளவு மெதுவாக இருப்பதால் விரலை நறுக்கென்று விட்டால் ஒற்றைத் தோட்டாவும் சுடலாம். மேகசினைப் பிடித்துச் சுடுவது திரைப்படப் பழக்கம், அது தோட்டா ஏறுவதைக் கெடுக்கும். மேகசின் செருகும் கூட்டைப் பிடியுங்கள். ஸ்டென்னும் இந்த வேகத்துக்குப் பக்கத்தில்தான், மேகசின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் பிடிக்கக் கூடாது, வலப்பக்கம் உறை வெளியேறும் துளையில் விரல் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தகரக்குழாய் மாதிரி இருக்கும் இது இவ்வளவு ஒழுங்காகச் சுடும் என்று எதிர்பார்க்க மாட்டீர்கள்.

ரைபிள்களில் எம்16, ஏகே விவாதத்துக்கு முடிவே கிடையாது. ஃபுல் ஆட்டோவில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. எம்16-இன் பட் பேரலுக்கு நேர்கோட்டில் இருக்கிறது, 5.56 மி.மீ. தோட்டா இலேசு. எனவே நிமிடத்துக்கு 700 முதல் 950 வரை போனாலும் நேராகப் பின்னால் தள்ளுகிறது, ஏறுவது குறைவு. காதோரம் பட்டுக்குள் ஸ்பிரிங் “ட்டாங்” என்பது தனி அடையாளம். எம்16ஏ2 கொடுத்தால் ஏமாறாதீர்கள், அதில் மூன்று தோட்டாத் தொடர்தான். ஃபுல் ஆட்டோ வேண்டுமானால் எம்16ஏ1 அல்லது எம்4ஏ1 கேளுங்கள். இடதுகைக்காரர்களுக்கு ஏ1-இல் காலி உறை முகத்தின் பக்கம் வரலாம்.

ஏகே 600 வேகம்தான், ஆனால் 7.62 மி.மீ. தோட்டாவிலிருந்து பறந்து போகும் குண்டின் எடை 8 கிராம், 5.56-இன் குண்டைப்போல ஏறக்குறைய இருமடங்கு. ஒவ்வொன்றும் ஒரு தள்ளு. குழல் மேலேயும் வலப்பக்கமும் போகும். ஏகேஎம்-இன் குழல்முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பது அதைக் கொஞ்சம் எதிர்க்கத்தான். செலக்டரைக் கவனியுங்கள்: மேலே பாதுகாப்பு, நடுவில் ஃபுல் ஆட்டோ, கடைசியில்தான் ஒற்றைத் தோட்டா. செமி ஆட்டோ என்று நினைத்து ஒரு படி மட்டும் இறக்குகிறவர்கள் திடுக்கிட்டுப்போவார்கள்.

பி90 வினோதமானது. மேகசின் மேலே படுத்திருக்கும், 50 தோட்டா, உறைகள் கீழே விழும். ஆட்டோவில் ட்ரிகரை லேசாக இழுத்தால் ஒன்று, முழுதாக இழுத்தால் தொடர். 900 வேகம் இருந்தும் உதைப்பு சொற்பம். இடதுகைக்காரர்களுக்கு இதைவிட நட்பானது இல்லை. எனக்கு மட்டும் ஏனோ தையல் இயந்திரம் ஓட்டிய உணர்வுதான்.

மேக்-10, க்ளாக் 18 இரண்டையும் முதல் நாளில் தொடாதீர்கள். 1,100, 1,200 என்று ஓடும். க்ளாக் 18-இன் 17 தோட்டா ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும், பெரும்பாலும் பட்டும் கிடையாது. பழகியவர்களுக்கே அதில் மிஞ்சுவது சத்தம்தான்.

பெல்ட் வகைகள் வேறு உலகம், ஆனால் புதியவருக்கு ஆச்சரியமாக எளிது. 7.5 கிலோ எம்249-ஐ அதன் முன்புறமுள்ள இரட்டைக்கால் தாங்கியில் ஊன்றி, நீங்கள் படுத்துக்கொண்டு, உடம்பால் லேசாக முன்னால் தள்ளிக்கொண்டு சுட்டால் குழல் எங்கும் போகாது. எம்60 அதைவிட மெதுவானது, கனத்த குரல், எனக்கு இந்தப் பிரிவில் பிடித்தது. எம்ஜி42 நிமிடத்துக்கு 1,200, தனித்தனி வெடிகள் காதில் பிரியாமல் துணி கிழிவதுபோல ஒரே ஒலியாக வரும். ஒருமுறை கேட்க வேண்டும், பெல்ட் தீர்கிற வேகத்தில் இன்னொரு முறை கேட்க மனம் வராது. பாயிண்ட் 50 பிரௌனிங் எம்2 முக்காலியில் நிற்கும், துப்பாக்கியே 38 கிலோ. இரு கட்டைவிரலால் அழுத்தினால் 450 முதல் 600 வேகத்தில் மெதுவாக, நெஞ்செலும்பில் தட்டித் தட்டிச் சுடும். கட்டுப்படுத்த எதுவும் இல்லை, குறி வைப்பது மட்டும்தான் வேலை.

மூன்றுக்கு மட்டும் காசு இருக்கிறது என்றால்: எம்பி5, எம்16ஏ1, எம்60. இந்த வரிசையிலேயே. எம்பி40 கிடைக்கிற இடமானால் எம்16-ஐ விட்டுவிட்டு அதை எடுங்கள்.

முடிந்த பிறகு

தோட்டாவில் ஈயம் இருக்கிறது, அதன் தூசு கையிலும் முகத்திலும் உடையிலும் ஒட்டும். குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். அன்றைய உடையைத் தனியாகத் துவையுங்கள், சின்னக் குழந்தைகளைத் தூக்குவதற்கு முன் மாற்றிவிடுங்கள். கர்ப்பிணிகள் ரேஞ்சுக்கே போகாமல் இருப்பது நல்லது, ஈயமும் சத்தமும் இரண்டுமே ஒத்துக்கொள்ளாது. மறுநாள் வலிப்பது தோளாக இருக்காது, முன்கையும் கீழ்முதுகும்தான். முதுகு வலித்தால் பின்னால் சாய்ந்து சுட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை பயிற்றுநரிடம் அதை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.